அந்தப் புதன்கிழமையும் இல்லாத ஒரு சட்டமும்

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் ஒரு செமினார் வைத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், தலைப்பு அவரவர் விருப்பம். மற்றவர்கள் எல்லாம் தண்டி யாத்திரை, பிளாசிப் போர் என்று போனபோது நான் மட்டும் வீடியோ கேமில் போய் நின்றேன். "1988ல் ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் என்ற கேமின் மூன்றாம் பாகம் வெளியானது. அதை வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகளைப் போலீஸ் கைது செய்தது. கடைசியில், வேலை நாளில் இந்த கேமை விற்கவே கூடாது என்று ஜப்பான் நாடாளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது!" என்று முடித்தேன். நல்ல கைதட்டல். பின் பெஞ்சில் விசில் கூட.

மேடம் மட்டும் கைதட்டவில்லை. "அந்தச் சட்டத்தோட பேர் என்னப்பா? எந்த வருஷம் நிறைவேறுச்சு?" என்றார்.

முழித்தேன். "பத்து இடத்துல படிச்சேன் மேடம்" என்றேன்.

"பத்து பேரும் ஒரே ஆளைப் பார்த்துக் காப்பி அடிச்சிருந்தா அது பத்தா, ஒண்ணா?"

வகுப்பு சிரித்தது. நான் உட்கார்ந்தேன். அன்று கைதட்டிய நண்பர்களே, விசில் அடித்தவரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். டீ ஏதாவது எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில், கேம் பக்கமே போகாதவர்களுக்காக. டிராகன் குவெஸ்ட் ஒரு ரோல் பிளேயிங் கேம். ஓடிக் குதித்துச் சுடுவது கிடையாது. நீங்கள்தான் கதையின் நாயகன். ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேச்சுக் கொடுத்து விஷயம் சேகரிக்க வேண்டும். வழியில் பூதங்கள் வரும். அடித்தால் காசும் அனுபவப் புள்ளியும் கிடைக்கும். புள்ளி ஏற ஏற நாயகன் பலமாவான். இப்படிப் பல வாரம் ஆடலாம். கைவேகம் வேண்டாம், பொறுமை போதும்.

இது ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்த வகை அல்ல. 1981ல் அமெரிக்காவில் வந்த அல்டிமா, விசார்ட்ரி என்ற இரண்டு கணினி விளையாட்டுகள்தான் தாய்வீடு. யூஜி ஹோரி என்பவர் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தவர். எனிக்ஸ் என்ற நிறுவனம் நடத்திய புரோகிராம் போட்டிக்கு டென்னிஸ் கேம் ஒன்றை எழுதி அனுப்பிப் பரிசு வாங்கினார். அதே போட்டியில் பரிசு வாங்கிய இன்னொருவர் கோய்ச்சி நாகமுரா. அப்போது அவர் பள்ளி மாணவர் (நாமெல்லாம் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசிக்க வேண்டாம், வருத்தம்தான் மிஞ்சும்). 1983ல் இவர்கள் அமெரிக்காவில் ஓர் ஆப்பிள் கணினிக் கண்காட்சிக்குப் போனபோது விசார்ட்ரியைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். அந்த மாதிரி கேமை விலை உயர்ந்த கணினி இல்லாத சாதாரணப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது ஹோரியின் ஆசை. நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி அப்போது ஜப்பானில் வீட்டுக்கு வீடு நுழைந்துகொண்டிருந்தது. அதில் விசைப்பலகை கிடையாது. ஒரு சிலுவைப் பொத்தான், வேறு சில பொத்தான்கள், அவ்வளவுதான். அதற்கேற்ப எல்லாவற்றையும் சுருக்கினார்.

பூதங்களை வரைந்தவர் டிராகன் பால் வரைந்த அகிரா டோரியாமா. ஹோரி கொடுத்த குறிப்புப் படத்தில் ஸ்லைம் என்ற பூதம் வெறும் களிமண் உருண்டை மாதிரி இருந்ததாம். டோரியாமா அதை நீர்த்துளி வடிவமாக்கி, இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வைத்தார். அந்தச் சிரிப்புதான் இன்றுவரை இந்தத் தொடரின் முகம். இசை கோய்ச்சி சுகியாமா. தொலைக்காட்சி, சினிமாவில் ஏற்கெனவே பெரிய ஆள், 50 வயதைத் தாண்டியவர். எனிக்ஸின் சதுரங்க கேம் ஒன்றை ஆடிவிட்டு, உள்ளே இருந்த கருத்துக் கேட்பு அட்டையை ஒழுங்காகப் பூர்த்தி செய்து அனுப்பியிருக்கிறார். இவ்வளவு பெரிய இசையமைப்பாளரா எழுதியிருக்கிறார் என்று ஆடிப்போன கம்பெனிக்காரர்கள் அவரையே பிடித்துக்கொண்டார்கள்.

முதல் பாகம் 1986 மே 27ல் வந்தது. மொத்தம் 64 கிலோபைட். காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் வரும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் இதைவிடப் பெரிசு! இடம் பற்றாமல் ஜப்பானிய எழுத்துகளில் ஒரு பகுதியையே வெட்டிவிட்டார்கள். கட்டகானா வரிசையில் சுமார் 20 எழுத்துதான் மிச்சம். அந்த 20க்குள் அடங்குகிற மாதிரி பூதங்களுக்கும் ஊர்களுக்கும் பெயர் வைத்தார்கள். சுமார் 15 லட்சம் விற்றது. இரண்டாம் பாகம் 1987 ஜனவரி 26ல் வந்து 24 லட்சம் விற்றது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த இரண்டு பாகத்திலும் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. பெட்டியை அணைக்கும் முன் அரசனிடம் போனால் ஒரு 'உயிர்ப்பிக்கும் மந்திரம்' சொல்வார். முதல் பாகத்தில் 20 எழுத்து. இரண்டாம் பாகத்தில் 52 எழுத்து வரை. அர்த்தமே இல்லாத எழுத்துக் கோவை. அதை நோட்டில் எழுதிவைத்து மறுநாள் மறுபடி அடிக்க வேண்டும். ஓர் எழுத்து தப்பினாலும் போச்சு. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் மங்கலான திரையில் சில ஜப்பானிய எழுத்துகளுக்கு மேலே இருப்பது இரண்டு கோடா, ஒரு குட்டி வட்டமா என்றே தெரியாது. நம்மில் கையெழுத்து மோசமானவர்கள் எழுதினால் காலா ரகரமா என்று குழம்புவோமே, அதே கதைதான். ஒரு வார உழைப்பு ஒரு புள்ளியில் போய்விடும். அந்தத் தலைமுறைப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுக் கடைசிப் பக்கத்தில் எல்லாம் இந்த மந்திரங்கள்தான்.

மூன்றாம் பாகத்துக்கு வந்த எதிர்பார்ப்பின் ஒரு பகுதி இதில்தான் இருக்கிறது. இனிமேல் மந்திரம் எழுத வேண்டாம், கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்திருக்கிறோம் என்றார்கள். (நம்மைப் போலவே அவர்களும் 'கேசட்' என்றுதான் சொன்னார்கள்.) ஆனால் பேட்டரி வேறு வகையில் பழிவாங்கியது. சில நாள் பெட்டியைப் போட்டதும் ஒரு சாபக்கேடான இசை வரும். 'வருந்துகிறோம், உங்கள் சாகசப் புத்தகம் அழிந்துவிட்டது' என்று திரையில் ஒரு வரி. இன்று 45, 50 வயதில் இருக்கும் ஜப்பானியரிடம் அந்த இசையைப் போட்டுக் காட்டினால் முகம் வெளுத்துவிடும்.

செய்தி பரவியது ஷோனென் ஜம்ப் வார இதழ் வழியாக. ஹோரி அந்த இதழில்தான் கேம் பகுதி எழுதிக்கொண்டிருந்தார். டோரியாமாவின் டிராகன் பால் ஓடிக்கொண்டிருந்ததும் அதே இதழில். விற்பனை 50 லட்சத்தை எட்டிக்கொண்டிருந்த காலம். புதுப் பூதம் ஒன்று, வரைபடத்தின் ஒரு மூலை என்று வாரா வாரம் கொஞ்சமாகக் கசிய விட்டார்கள். இதழ் வந்தால் அன்று பள்ளி முழுக்க அதே பேச்சு. தகவல் தொழில்நுட்பம் என்று பார்த்தால் ஒரு வார இதழும் ஒரு பள்ளி மைதானமும்தான்.

பேச அப்படி என்ன இருந்தது? நிறைய. மூன்றாம் பாகத்தில் நான்கு பேர் கொண்ட குழுவை நாமே அமைக்கலாம். வீரன், மல்லன், பூசாரி, மந்திரவாதி, வியாபாரி, கோமாளி என்று பல தொழில். இந்தக் கோமாளி உருப்படியாக எதுவும் செய்யமாட்டான். சண்டை நடுவே ஜோக்கடிப்பான், தடுக்கி விழுவான். இவனை எதற்கு வைத்தார்கள் என்று திட்டிக்கொண்டே ஆடினால், 20ஆம் நிலையை எட்டியதும் தொழில் மாற்றும் கோயிலில் அவன் நேராக ஞானி ஆகலாம்! மற்றவர்கள் ஞானி ஆகத் தனியாக ஒரு நூலைத் தேடி அலைய வேண்டும், கோமாளிக்கு அது வேண்டாம். இதை முதலில் கண்டுபிடித்தவன் அன்று அந்த வகுப்பில் ராஜா.

அப்புறம் அந்த வரைபடம். உலக வரைபடத்தை லேசாகக் கசக்கி விரித்த மாதிரி இருக்கும். ரோமாபுரி மாதிரி ரோமாலி, எகிப்து இருக்க வேண்டிய இடத்தில் இசிஸ், கிழக்கே ஜிபாங். போர்ச்சுகல் இருக்க வேண்டிய இடத்தில் போர்தோகா என்ற நாடு. அந்த ராஜாவிடம் கப்பல் இருக்கிறது, ஆனால் சும்மா தரமாட்டார். கிழக்கே போய்க் கருமிளகு வாங்கி வா என்பார். கிழக்கே எங்கே? பாஹராதா! ஆமாம், பாரதம்தான். புனித நதிக்கரையில் ஓர் ஊர், அதில் ஒரு மிளகுக் கடை. கடைக்காரரின் பேத்தியையும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகும் குப்தா என்ற பையனையும் கொள்ளைக்காரன் கடத்திப்போகிறான். மீட்டுக்கொண்டு வந்தால் குப்தா மிளகு கொடுப்பான். மிளகுக்குக் கைமாறாகக் கப்பல்.

முசிறியில் யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதைச் சங்கப் பாடலில் படித்துத் தேர்வு எழுதியவர்கள் நாம். வாஸ்கோ ட காமா 1498ல் கோழிக்கோட்டுக்கு வந்தது எதற்கு என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியவர்கள். லட்சக்கணக்கான ஜப்பானியப் பிள்ளைகள் அதே வழியில் அதே மிளகைத் தேடிப் பொத்தானை அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்! (மிளகு விளைவது மேற்குக் கடற்கரை மலையில், புனித நதிக்கரையில் இல்லை என்று ஹோரிக்கு யாராவது சொல்லியிருக்கலாம். போகட்டும்.)

இவ்வளவையும் 256 கிலோபைட்டில் அடைத்தார்கள். அடைத்து முடித்தபோது முகப்புப் படத்துக்கே இடம் இல்லை. பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெறும் பெயர். இசை கூட இல்லை.

சரி, அந்த நாளுக்கு வருவோம். 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை. விலை 5,900 யென். புத்தாண்டுக்குப் பெரியவர்கள் பிள்ளைகள் கையில் காசு வைக்கும் வழக்கம் அங்கே உண்டு, நம் பொங்கல் காசு மாதிரி. அது கரையாமல் இருக்கும் மாதம். டோக்கியோவில் இகெபுகுரோ என்ற இடத்தில் உள்ள பெரிய மின்சாதனக் கடை ஒன்றின் முன் வரிசை சுமார் பத்தாயிரம் பேருக்கு நீண்டது என்று அன்றைய செய்திகள் சொல்லின. முந்தின இரவே வந்து குளிரில் கிடந்தவர்கள் உண்டு. ஒரே நாளில் சுமார் 10 லட்சம் கேசட் விற்றது. மொத்த விற்பனை பிறகு 38 லட்சத்தைத் தொட்டது. வரிசையில் பெரியவர்களும் இருந்தார்கள், அலுவலகத்துக்கு டிமிக்கி கொடுத்தவர்கள். ஆனால் செய்தியானது சீருடை வயதுப் பிள்ளைகள்தான்.

இப்போது 'கைது'. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அன்று போலீஸிடம் மாட்டியது உண்மை. ஆனால் ஜப்பானிய மொழியில் அதற்குச் சொல் ஹொதோ. பள்ளி நேரத்தில் தெருவில் நிற்கும் சிறுவனைப் போலீஸ் ஓரமாக அழைத்துப் பெயர் கேட்டு, புத்தி சொல்லி, வீட்டுக்கோ பள்ளிக்கோ தகவல் கொடுப்பது. நேராகப் பெயர்த்தால் 'வழிநடத்தல்' என்று வரும். வழக்கு இல்லை, கம்பி இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போது இது 'கைது' ஆகிவிட்டது. அந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு நான் வகுப்பில் இரண்டு கையையும் சேர்த்து விலங்கு மாட்டுவதுபோல நடித்துக்காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஹி ஹி.

எனக்கு எரிச்சல் தந்தது வேறொன்று. பிப்ரவரி 11 ஜப்பானில் தேசிய விடுமுறை, நாடு தோன்றிய நாள். ஒரே ஒரு நாள் தள்ளி விற்றிருந்தால் இந்தக் கூத்தில் பாதி இருந்திருக்காது! ஆனால் அதுவரை யாருக்கும் அப்படி யோசிக்கக் காரணம் இருக்கவில்லை. முதல் பாகம் வந்தது செவ்வாய், இரண்டாம் பாகம் திங்கள். கேம் என்பது எந்த நாளில் வேண்டுமானாலும் கடைக்கு வரும் ஒரு பொம்மைச் சரக்கு, அவ்வளவுதான்.

சட்டம்? அப்படி ஒன்று கிடையாது. நாடாளுமன்றம் இதற்காகக் கூடவும் இல்லை, எதையும் நிறைவேற்றவும் இல்லை. பத்திரிகைகளும் பெரியவர்களும் திட்டினார்கள், எனிக்ஸ் நிறுவனம் தானாகவே விடுமுறை நாளுக்கு மாறிக்கொண்டது. நாள்காட்டியை எடுத்து நானே சரிபார்த்தேன். நான்காம் பாகம் 1990 பிப்ரவரி 11, ஞாயிறு. விடுமுறை ஞாயிறில் விழுந்ததால் மறுநாள் திங்களும் லீவு. (மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்ததும் அன்றுதான். அதே டோக்கியோவில் மைக் டைசன் முதல்முறை வீழ்ந்ததும் அன்றுதான். என்ன ஒரு ஞாயிறு!) ஐந்தாம் பாகம் 1992 செப்டம்பர் 27, ஞாயிறு. ஆறாம் பாகம் 1995 டிசம்பர் 9, சனி. அந்தக் காலத்தில் ஜப்பானில் சனிக்கிழமையும் பள்ளி உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் 1995 ஏப்ரலில் இருந்து மாதத்தின் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை ஆனது. டிசம்பர் 9 இரண்டாம் சனி! இதைப் பார்த்தபோது நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் சனிக்கிழமைதான். பத்தாம் பாகம் 2012 ஆகஸ்ட் 2ல் வந்தது, வியாழக்கிழமை. சட்டம் என்று ஒன்று இருந்தால் அன்று கம்பெனி முதலாளியைத்தான் 'வழிநடத்தி'யிருக்க வேண்டும் :-)

கதை இத்தோடு முடிந்திருந்தால் மேடத்திடம் 'சட்டம் இல்லை மேடம்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போயிருப்பேன். தேடியதில் அகப்பட்டது வேறு. இந்த கேம் தொடர்பாகச் சட்டம் ஒரு தடவை உண்மையாகவே வேலை செய்திருக்கிறது. பிள்ளைகள் மேல் அல்ல, வியாபாரிகள் மேல்.

டிராகன் குவெஸ்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் கடைக்காரர்கள் ஒரு வித்தை செய்தார்கள். டிராகன் குவெஸ்ட் வேண்டுமா, விற்காமல் தூசி படிந்து கிடக்கும் வேறு கேசட்டையும் சேர்த்து வாங்கு. ஜப்பானில் இதற்குப் பெயர் தகியாவாசே, அதாவது கட்டிப்பிடிக்க வைத்து விற்பது. முதல் நாள் காட்சி டிக்கெட் கேட்டால் பாப்கார்னும் கூல்டிரிங்க்ஸும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களே, அதேதான். 5,900 யென்னை எண்ணி எடுத்துக்கொண்டு குளிரில் நின்ற பையனிடம் உள்ளே போனதும் அதற்கு மேல் கேட்டால் அவன் எங்கே போவான்? கேசட் வாங்கிக்கொண்டு வந்த சின்னப் பிள்ளைகளைத் தெருமுனையில் பெரிய பையன்கள் மிரட்டிப் பிடுங்கிய சம்பவங்களும் நடந்தன. அது குற்றம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கடைக்குள் நடந்ததோ வியாபாரம் என்ற பெயரில் போனது.

இதில் கடைக்காரரும் பல சமயம் பாவம்தான். விற்காத கேசட்டைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. மேலே மொத்த வியாபாரி தன் கிடங்கில் தேங்கியதைக் கடைக்காரர் தலையில் கட்டுவார், கடைக்காரர் பையன் தலையில் கட்டுவார். 8,500 யென் விலைக்கு வந்த நான்காம் பாகத்தின்போது ஒரு மொத்த விற்பனை நிறுவனம் இப்படிச் செய்தது, டிராகன் குவெஸ்ட் வேண்டுமென்றால் தேங்கிய பழைய கேம்களையும் எடுங்கள் என்று சில்லறைக் கடைகளை நெருக்கியது. ஜப்பானின் நியாய வணிக ஆணையம் அதை விசாரித்து 1992ல் முறையற்ற வணிகம் என்று தீர்த்தது. அதற்காகப் புதிதாகச் சட்டம் எதுவும் போடவில்லை. 1947லேயே போட்டுவைத்த ஏகபோகத் தடைச் சட்டம் போதுமானதாக இருந்தது. இன்றும் அங்கே சட்டக் கல்லூரியில் கட்டி விற்பது பற்றிய பாடத்தில் இந்த வழக்கு வரும்.

பிள்ளைகளுக்குத் தடை போட்டார்களாம் என்ற பொய்க் கதை உலகம் முழுக்கச் சுற்றி எங்கள் வகுப்பறை வரை வந்துவிட்டது. பிள்ளைகளை ஏய்த்த வியாபாரத்தின் மேல் வந்த உண்மையான தீர்ப்பு ஜப்பானியச் சட்டப் புத்தகத்தைத் தாண்டவே இல்லை. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இந்தப் பருவத் தொடக்கத்தில் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆணையத்தின் தீர்ப்பு வரை பொறுமையாகக் கேட்டார். "சட்டத்தோட பேர் கேட்டேன், சொல்லிட்ட. வருஷமும் சொல்லிட்ட. ஆனா கேட்ட சட்டம் வேற" என்று சிரித்தார். பிறகு, "அந்த மிளகுக் கடை எந்த ஊர்ல வருதுன்னு சொன்ன?" என்று கேட்டார். வரைபடத்தைச் செல்போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

சுகியாமா 2021லும் டோரியாமா 2024 மார்ச்சிலும் காலமானார்கள். அதே 2024ல் மூன்றாம் பாகத்தைப் புதுப் படங்களோடு உலகம் முழுக்க மறுபடி வெளியிட்டார்கள், நவம்பர் 14ல். வியாழக்கிழமை. நம் நாட்டிலும் அன்றே இணையத்தில் இறக்கிக்கொள்ள முடிந்தது, வரிசை எதுவும் இல்லை. போர்தோகா ராஜா இன்னும் மிளகுதான் கேட்கிறார்.